அறுநூற்றுப் பதினெட்டுக் கோடுகள்

எங்கள் குடும்பத்தில் குடை பிடிப்பது என்றால் மழைக்குப் பிடிப்பது அல்ல. ஏற்காட்டு மலையின் வைகாசித் திருவிழாவில் சாமிக்கு மேலே பிடிப்பது. மூங்கில் காம்பு, சிவப்புப் பட்டு, ஓரம் முழுக்க வெண்கல மணி, பதினெட்டடி உயரம். மலைக்காற்றில் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் கயிறு கட்டிப் பக்கத்துக்கொருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கயிறு பிடிப்பது சின்னப் பயல்கள் வேலை. காம்பு பிடிப்பதுதான் மரியாதை. என் தாத்தா பிடித்தார், அப்பா பிடித்தார், இருபத்து நான்கு வருடமாக நான் பிடிக்கிறேன். என் பெயர் செல்லப்பன். வயது எழுபத்தொன்று. குடையும் சாய்ந்ததில்லை, நானும் சாய்ந்ததில்லை.

ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த மரியாதைக்கு உரியவர் யார் என்று நிரூபிக்க வேண்டும். மலையில் யாருக்கு உறவு அதிகமோ அவருக்கே குடை. போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் கோயில் முன்னால் ஒரு வடக்கயிறு போடுவார்கள். அவரவர் உறவுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, பூசாரி தலை எண்ணுவார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். இந்த மலையிலோ எல்லோரும் எல்லோருக்கும் உறவு. போன முறை பாதிப்பேர் இடக்கையில் என் கயிற்றையும் வலக்கையில் கொட்டச்சேட்டுச் சென்றாயன் கயிற்றையும் பிடித்துக்கொண்டார்கள். யாரோ தும்ம, இரண்டு கயிறும் எதிரெதிராக இழுபட, எண்ணிக்கொண்டிருந்த பூசாரி சின்னன் நடுவில் மாட்டி வேட்டியில்லாமல் வெளியே வந்தார். நாற்பத்தொரு தலை வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன்.

சென்றாயன் வேறு யாருமில்லை, என் மனைவி தங்கம்மாவின் அண்ணன். "என்ற பக்கம் எண்ணறப்பதான் வேட்டி போச்சு, எண்ணிக்கையும் அதோடயே போச்சு" என்று ஒண்டிக்கடைச் சந்திப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடம் நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டி வந்தால் "கொட்டச்சேட்டுக்காரர்" என்பேன்.

இந்த வருடம் கயிறு வேண்டாம் என்று சொன்னது என் தம்பி மகள் இலக்கியா. வீட்டில் இருந்தபடியே ஏதோ ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிற பெண். லட்சக்கணக்கான புள்ளிகளையும் அவற்றுக்கு நடுவே ஓடுகிற கோடுகளையும் கம்ப்யூட்டர் திரையில், தொட்டால் நகரும்படி, மனிதன் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி போட்டுக் காட்டுவது அவள் வேலை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள்:

"ஆளுக்கு ஒரு புள்ளிங்க. உறவுக்கு ஒரு கோடுங்க. மலை மொத்தத்தையும் போட்டுரலாம். யாரு புள்ளிக்குக் கோடு அதிகமோ அவங்களுக்குக் குடை. பூசாரி வேட்டிக்கு நான் கேரண்டி."

பூசாரிதான் முதலில் கைதட்டினார்.

நான் இரண்டு நிபந்தனை போட்டேன். ஒன்று, ஒரு கோட்டை வெட்ட ஒருவர் போதும். ஒரு கோட்டைச் சேர்க்க இரண்டு பேரும் போனில் சம்மதம் அழுத்த வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் எங்கள் குடும்பத்தோடு கோடு இழுத்துக்கொள்ளக் கூடாதல்லவா. இரண்டு, பெண்களுக்குப் பிறந்த வீட்டு உறவை மட்டும் போட வேண்டும். புருஷன் வழி உறவு புருஷன் பெயரிலேயே இருக்கட்டும். இரண்டையும் கூட்டம் ஏற்றுக்கொண்டது. அன்று என் அறிவை நிறையப் பேர் மெச்சினார்கள்.

மூன்று மாதம் வீடுவீடாகப் போய்க் கேட்டுப் பதிந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவு. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் இலக்கியா வந்து எங்கள் டிவியில் கம்ப்யூட்டரை மாட்டினாள்.

திரை முழுக்க ஒரே சிக்கல். எது கோடு, எது புள்ளி என்றே தெரியவில்லை.

"குருவிக்கூட்டை மிக்சில போட்டாப்ல இருக்குது" என்றாள் தங்கம்மா.

"நாலாயிரத்து நூத்தி முப்பத்தேழு புள்ளி பெரிம்மா. கோடு அறுபதாயிரத்துக்கு மேல. அப்படியே போட்டா இப்படித்தான் இருக்கும். இதைப் பிரிச்சுக் காட்டறதுதான் என்ற பொழப்பே. இப்பப் பாருங்க."

ஒரு பட்டனை அழுத்தினாள். சிக்கல் குலுங்கியது. சந்தை நாளில் பஸ்சுக்குள் ஏறினவர்கள் இடம் தேடுவதுபோல் நாலாயிரம் புள்ளிகளும் முட்டிமோதின. உறவு இருக்கிற புள்ளிகள் ஒன்றை ஒன்று இழுக்குமாம், இல்லாதவை தள்ளுமாம். இழுத்தும் தள்ளியும் அதுவாக ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளுமாம். செம்மநத்தம் பச்சை, கொட்டச்சேடு மஞ்சள், எங்கள் ஊர் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் மலையே நிறம் நிறமாகப் பிரிந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

நடுவில், எலுமிச்சம்பழம் அளவுக்குச் சிவப்பாக, நான்.

"உங்க மேல வெச்சுப் பாருங்க பெரிப்பா."

மவுஸை என் புள்ளி மேல் கொண்டுபோனேன். மற்ற எல்லாம் மங்கி, என் கோடுகள் மட்டும் மின்னின. பக்கத்தில் எண் வந்தது: 619. சென்றாயன் மேல் வைத்தேன்: 578. அதே நாற்பத்தொன்று. சாமி இருக்கிறது.

"பாக்கறதுக்குச் சுலபமா ஒவ்வொரு வகையறாவையும் ஒரே புள்ளியா மடிச்சு வெக்கறேன்" என்று சொல்லி வேறொரு பட்டனை அழுத்திவிட்டு, காப்பி குடிக்கச் சமையலறைக்குப் போனாளாம். அப்படிச் சொன்னாள் என்று தங்கம்மாவும் சாட்சி சொல்கிறாள். நான் அப்போது என் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாயிரம் புள்ளி மறைந்து, பளிச்சென்று முப்பது நாற்பது மட்டும் நின்றது. என்னிடமிருந்து பன்னிரண்டு கோடு. ஒவ்வொன்றிலும் பெயர். முதல் பெயர் விஜயகுமார்.

விஜயகுமார் என் அக்கா மகன், செம்மநத்தத்துக்காரன். போன வருடம் பிள்ளைக்குக் காது குத்துக்கு எனக்கு வாட்ஸப்பில் அழைப்பு அனுப்பினவன். வெற்றிலை பாக்கு இல்லை, நேரில் வரவில்லை, கீழே ஒரு கும்பிடுகிற கை படம் மட்டும். ஒரு குடும்பத்தின் கௌரவம் யார் யார் உறவு என்பதில் மட்டும் இல்லை; யார் யாரை விட்டு வைத்திருக்கிறோம் என்பதிலும் இருக்கிறது. நாற்பத்தொன்று அதிகம் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன? கோட்டின் மேல் வைத்து அழுத்தினேன். ‘வெட்டவா?’ என்று கேட்டது. வெட்டு என்றேன்.

டிங் என்று ஒரு சத்தம். கோடு சுருண்டு மறைய, என் புள்ளி சின்னதாக ஒரு துள்ளு துள்ளியது. சுகமாக இருந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம், எழுபத்தொரு வயதில் அப்படி ஒரு சுகம் எனக்கு எதிலும் கிடைத்ததில்லை.

அடுத்தது தனபால். நான் பஸ்சிலிருந்து இறங்கினபோது மெதுவாக எழுந்தவன். டிங். முருகன், கல்யாண போட்டோவில் என்னை மூன்றாம் வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தினவன். டிங். கலா, பலாப்பழம் கொடுத்தனுப்பினாள், சரி, ஆனால் பாதிப் பழம். டிங். குழந்தைவேல் வீட்டுப் பந்தியில் என் இலைக்கு நெய் வருவதற்குள் சாம்பார் வந்துவிட்டது. டிங். என் சொந்தத் தம்பி, என்னிடம் சொல்லாமல் கார் வாங்கினவன். டிங். சென்றாயனுக்குக் கை கொஞ்சம் நின்றது. பிறகு வேட்டிப் பேச்சு ஞாபகம் வந்தது. டிங். பதினொன்று முடிந்தபோது நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் புள்ளி நடக்க ஆரம்பித்தது.

நடுவிலிருந்து கிளம்பி, யாரோ பின்னால் தள்ளுவதுபோல, கொட்டச்சேட்டு மஞ்சளைத் தாண்டி, செம்மநத்தத்துப் பச்சையைத் தாண்டித் திரையின் ஓரத்துக்கே போய்விட்டது. போகப் போக இளைத்தும் போனது. எலுமிச்சம்பழம் மிளகாயிற்று. ஒரே ஒரு கோடு மட்டும் அதைப் பிடித்திருக்க, முளையில் கட்டின வெள்ளாடுபோல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. கோட்டின் மறுமுனையில் தங்கம்மா.

மவுஸால் பிடித்து நடுவுக்கு இழுத்து வந்தேன். விட்டதும் ஓரத்துக்கு ஓடியது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓடியது. நாலாம் முறை இழுத்துக்கொண்டிருந்தபோது இலக்கியா காப்பி டம்ளரோடு வந்து நின்றாள்.

"பெரிப்பா... என்ன பண்ணுனீங்க?"

"பதினோரு பேரை எடுத்தேன் கண்ணு. அவ்வளவுதான்."

"பதினோரு பேரில்லீங்க! பதினோரு வகையறா! ஒவ்வொண்ணுக்குள்ள அம்பது, அறுபது பேரை மடிச்சு வெச்சிருந்தேன்!" விரித்துக் காட்டினாள். என் பெயருக்குப் பக்கத்தில் எண் நின்றது: 1. "அறுநூத்திப் பதினெட்டுக் கோடு போச்சு. அய்யோ, எங்க அப்பா வகையறாவுமா? என்னையுமா வெட்டுனீங்க?"

"உங்கப்பன் கார் வாங்கினானே சாமி."

"திருப்பிப் போடு" என்றேன். முடியாதாம். சேர்க்க இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டுமாம். யார் போட்ட நிபந்தனை என்று கேட்டாள். அதற்குள் அவள் போன் நடுங்கியது. ‘செல்லப்பன் உங்கள் உறவை நீக்கியுள்ளார்.’ ஏற்காடு மலை முழுக்க அறுநூற்றுப் பதினெட்டுப் போன்கள் அதே நிமிடத்தில் நடுங்கியிருக்கின்றன. பக்கத்து எஸ்டேட்டில் காப்பிச்செடிக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

குடை போய்விடும். மூன்று தலைமுறைக் குடை, ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. மவுஸ் வழுக்கிவிட்டது என்று சொல்லும் பழக்கம் அன்று ஆரம்பித்தது. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு இலக்கியாவின் ஸ்கூட்டரில் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செம்மநத்தம் சாலையில் வளைவுக்கு வளைவு அவள் சாய்ந்தாள். நான் சாயவில்லை. அதனால் இரண்டு முறை விழப் பார்த்தோம்.

விஜயகுமார் வாசலில் நின்று, கைகட்டி, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான்.

"யாருங்க நீங்க? எங்கியோ பாத்தாப்ல இருக்குதுங்களே."

"மவுஸ் வழுக்கிருச்சு."

"எலியா? எலி வழுக்குனா உறவு அந்து போயிருமுங்களா? ஏனுங்க இலக்கியா, இந்தப் பெரியவரு எந்த ஊருங்க?"

"மாமா, விளையாடாதீங்க. ஞாயித்துக்கிழமை முடிவு" என்றாள் அவள். சிரிப்பை அடக்கி அடக்கி அவள் முகம் சிவந்து போயிருந்தது.

"சரி, அழுத்தறேன். ஆனா முறை சொல்லிக் கூப்புடோணும். எனக்கு மட்டுமில்லீங்க. எங்க வகையறா மொத்தம் அறுவத்தி மூணு பேரு. அத்தனை பேரும் அழுத்தோணுமில்ல?"

வரிசை கட்டி நின்றார்கள், அறுபத்து மூன்று பேரும். நான் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மாப்ளே, மருமவளே, அக்கா, மாமா என்று முறை சொன்னேன். முறை சரியாக வந்தால் போனை அழுத்தினார்கள். தப்பினால் மறுபடி வரிசைக் கடைசிக்கு. விஜயகுமாரின் காது குத்தின பிள்ளைக்குப் போனே கிடையாது, கணக்கிலும் கிடையாது, அதுவும் வரிசையில் நின்று, "என்னையக் கூப்புடுங்க தாத்தா" என்றது. கூப்பிட்டேன். கடைசியில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "போன வருசத்துது மாமா, காது குத்துக்கு வந்துருங்க" என்றான் விஜயகுமார். வாங்கிக்கொண்டேன். முறைப்படி வந்ததை மறுப்பது மரியாதையில்லை.

வெள்ளியும் சனியும் ஸ்கூட்டரிலேயே கழிந்தன. கலா வீட்டில் முழுப் பலாப்பழத்தையும் என் மடியில் வைத்து, தின்று முடித்தால்தான் அழுத்துவேன் என்றாள். குழந்தைவேல் வீட்டில் நெய்யை மட்டும் ஊற்றினார்கள், சோறு வரவே இல்லை. சனி மாலைக்குள் என் எண் 207 ஆனது. குரல் போய்விட்டது. ஒண்டிக்கடை வழியாக வரும்போது டீக்கடை முன்னால் சென்றாயன் நின்று கையை ஆட்டினார்.

"இலக்கியா கண்ணு, உன்ற ஸ்கூட்டருக்குப் பின்னாடி என்னமோ வெள்ளையாப் பறக்குது பாரு. குடையா, தலைப்பாவா?"

நான் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். அவருக்கு மட்டும் நான் எந்த எலிக்கதையும் சொல்லப்போவதில்லை.

இரண்டு நாளும் நாங்கள் வீடு திரும்பும்போதெல்லாம் தங்கம்மா அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் குழம்பைக் கிளறி, மறு கைக் கட்டைவிரலால் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன புள்ள அது என்று கேட்டதற்கு, "சும்மாதானுங்க" என்றாள். மிட்டாய் உடைக்கிற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். வெளிச்சம் வராமல் சுற்றிலும் தார்ப்பாய், எதிரில் பெரிய வெள்ளைத் துணி. பூசாரி சின்னன் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு, போதாதற்குச் சுவரோரமாக நின்றார். சென்றாயன் புது வேட்டி, புது அங்கவஸ்திரம், மீசைக்கு எண்ணெய்.

இலக்கியா திரையை ஏற்றினாள். நாலாயிரம் புள்ளியும் குலுங்கிக்கொண்டு எழுந்ததுமே மண்டபம் கூத்தாகிவிட்டது. "அதோ நானு!" "அட, எம்பட புள்ளி உங்க ஊட்டை விட்டு நகர மாட்டேங்குதே!" "அது அப்படித்தான், சோத்து நேரம்." "தள்ளு, தள்ளு, தனபாலைத் தள்ளு!" பிடித்து இழுத்தால் நகரும் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மவுஸைக் கேட்டார்கள்.

எண்கள் வந்தன. சென்றாயன் 577. நான் அறுத்ததில் அவருக்குப் போனது என் கோடு ஒன்றுதான். நான் 207. சென்றாயன் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறி இடுப்பில் கட்டினார். நான் நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். தோற்பதாக இருந்தாலும் நிமிர்ந்துதான் தோற்க வேண்டும்.

"இருங்க, இருங்க" என்றாள் இலக்கியா. "இன்னும் நிக்கலையே."

புள்ளிகள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தன. சென்றாயனின் மஞ்சள் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, ஒன்றைச் சுற்றி அமர்ந்தன. நடுவில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு புள்ளி. இலக்கியா அதன் மேல் மவுஸை வைத்ததும் மலை முழுக்கக் கோடு மின்னியது.

தங்கம்மா. 806.

கலா பின்வரிசையிலிருந்து கத்தினாள்: "மாமா எங்களை வெட்டுனாருங்க. அத்தை என்ன பாவம் பண்ணுச்சு? அன்னைக்கே நாங்க அல்லாரும் அத்தைக்கு அனுப்பிட்டோம்!"

"வெட்டுனப்பறம் நாங்க புருசன் வழி உறவு இல்லீங்களே, அதான் அத்தைக்கு அனுப்புனோம்" என்றான் விஜயகுமார்.

"பொறந்த ஊட்டு உறவு முன்னாடியே இருந்துச்சுங்க" என்றாள் தங்கம்மா, ஏதோ தப்பு செய்தவள்போல. "இவிய அனுப்ப அனுப்ப நானு அழுத்திட்டே இருந்தேன். குழம்புகூட ஒருக்கா அடி புடிச்சுருச்சு."

சென்றாயன்தான் முதலில் சுதாரித்தார். "கொட்டச்சேட்டுப் பொண்ணு! எங்க ஊட்டுப் பொண்ணு! குடை எங்க ஊட்டுக்கு!"

நான் எழுந்தேன். குரல் போயிருந்ததை மறந்தே போனேன். "கட்டிக் குடுத்து நாப்பத்தஞ்சு வருசமாச்சு! எங்க ஊட்டு அடுப்புல குழம்பு வெச்சுட்டு அழுத்துனது! குடை எங்க ஊட்டை உட்டு நகராது!"

"எங்க தங்கச்சி!"

"என்ற சம்சாரம்!"

பூசாரி பெல்ட்டை இறுக்கினார்.

நாங்கள் இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்றுகொண்டிருக்க, தங்கம்மா எழுந்து போய் இலக்கியாவிடம் மவுஸை வாங்கினாள். "இதைப் புடிச்சு இழுத்தா என்னாவும் கண்ணு?"

"இழுத்துத்தான் பாருங்களேன் பெரிம்மா."

தன் புள்ளியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். மலையே கூட வந்தது. நாலாயிரம் புள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து ஓடின. மண்டபம் "ஓ" என்று வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் இழுத்தாள். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் அவள் முகத்தில் அப்படி ஒரு குறும்பை நான் பார்த்ததில்லை. வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தாள். ராட்டினத்தில் ஏறினமாதிரி செம்மநத்தமும் கொட்டச்சேடும் சுழன்றன. ஒரு முனையில் நானும் மறுமுனையில் சென்றாயனும் காலைப் பிடித்துச் சுற்றின கோழிகளைப்போல் பறந்தோம். "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" என்று கூட்டம் கத்தியது. எனக்குத் தலை சுற்றியது. சென்றாயன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் சுற்றியிருக்க வேண்டும்.

அவள் கையை எடுத்தாள். குலுங்கிக் குலுங்கி எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்து நின்றன. நடுவில் அவள்.

"குடையை நானே புடிக்கறேன்" என்றாள். "காத்துக் கயிறு ரெண்டு இருக்குதில்ல. அண்ணனுக்கு ஒண்ணு. ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணு."

கயிறு பிடிப்பது சின்னப் பயல்கள் வேலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். இரண்டு நாளாக முறை சொல்லித் தேய்ந்த தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. அதைச் சம்மதம் என்று பூசாரி அறிவித்துவிட்டார்.

திருவிழா அன்று மேளம் முன்னால் போக, பதினெட்டடிக் குடை தங்கம்மா கையில் எழுந்தது. அவள் அசையவில்லை. விறகும் தண்ணீரும் சுமந்த தோள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றோடு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடந்தோம். கோயில் திருப்பத்தில் வெட்டவெளி வந்ததும் கொட்டச்சேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது பாருங்கள். பட்டு உப்பி, அத்தனை மணியும் ஒன்றாக அலறி, என் கயிறு விறைத்து, செருப்பு கழன்று, இரண்டு குதிகாலும் தரையை விட்டுக் கிளம்பின. எதிர்ப்பக்கம் சென்றாயன் கயிறு தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான்!" என்று கத்தினேன். "இறுக்கிப் புடிங்க மச்சான்!"

மேளம்கூட நின்றுவிட்டது. சென்றாயன் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கயிற்றையே விட்டிருப்பார். இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார். "புடிச்சுட்டேன் மாப்ளே! நீங்க தரைக்கு வாங்க!" நான் தரைக்கு வந்தேன். குடை சாயவில்லை.

மலை மொத்தமும் கேட்டது என்கிறார்கள். இலக்கியா அன்றைக்கே ஒரு கோடு சேர்க்க எங்கள் இரண்டு பேர் போனுக்கும் அனுப்பிவிட்டாள். அவர் அழுத்திவிட்டாராம். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காற்று அடிக்கும்போது வாயில் வருவதையெல்லாம் உறவில் சேர்க்கக் கூடாது. ஆனால் குடை எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். வெற்றிலை பாக்கோடு வரட்டும்.